தரையைப் பார்த்தே நடந்தவர்

முதல் நாள் எங்கள் அறைக்குள் வந்தபோது அந்தம்மா தலை நிமிரவே இல்லை. கதவைத் தாண்டும்போதும் தரையைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் தரையைப் பார்த்தார். பெயர் கேட்டேன், அதையும் தரையிடம்தான் சொன்னார். வாழ்க்கையில் நொந்து நூலாகிப்போன இன்னொரு ஆள் என்று முடிவு கட்டினேன். இருபத்து மூன்று வருடமாக இந்த இலவச சட்ட உதவி அறையில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் நிழல் விழும்போதே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் எப்படிக் கரைந்தது என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் அறை குடும்ப நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. மேல்கூரை சரிவாக இறங்கும். எங்கள் வக்கீலம்மா நல்ல உயரம். தினமும் ஒருமுறையாவது நெற்றியில் இடித்துக்கொண்டு, கட்டடம் கட்டியவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். சம்பளம் குறைவு, வழக்குகள் மலைபோல. ஆனாலும் வழக்குக் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தேதி கேட்கிற ரகம் இல்லை அவர்.

அந்தம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கும் வேலை. மாதம் பன்னிரண்டாயிரம். ஒரே பெண் குழந்தை, எட்டு வயது. பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. மருத்துவம் பார்த்து நேராக்கியாகிவிட்டது. ஆனால் வளர்ந்து முடியும்வரை பக்கவாட்டில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட வேண்டும். கால் வளர வளர பூட்ஸையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடும், அப்புறம் கத்திதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது போட்டிருக்கும் பூட்ஸுக்குள் குழந்தையின் விரல்கள் மடங்கிக் கிடந்தன.

"அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டேன்.

"டைல்ஸ் போடுறார் சார். பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. ஆறு மாசம் காசு குடுத்தார். அப்புறம் வேலை இல்லைன்னு சொல்லிட்டார்."

"முன்னாடி மனு ஏதாவது போட்டீங்களா?"

"கோர்ட் வாசல்ல மனு எழுதிக் குடுக்கிறவர்கிட்ட ரெண்டு தடவை காசு குடுத்தேன். எழுதிப் போட்டாச்சுன்னார்."

அந்த ஆள் எழுதியதும் இல்லை, போட்டதும் இல்லை. குழந்தைக்காகத் தாய் கேட்டு வந்தால் இங்கே வக்கீலுக்கும் காசு வேண்டாம், மனுவுக்கும் கட்டணம் வேண்டாம். அதை வாசலிலேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பலகைக்கு முன்னால்தான் அந்தப் புண்ணியவான் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறான்.

குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு மனு போனது. பதிலுக்குக் குழந்தையின் அப்பாவும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். அப்பாவை அவர் தொழிலில் எல்லோரும் 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்களாம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்த நீர்க்குமிழிக் கோல் எப்போதும் இடுப்பில் செருகியிருக்குமாம். கடையில் டீ குடிக்கப் போனாலும் மேஜை மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வைப்பானாம். அவன் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. அந்தம்மா கடைசிவரை 'அவர்' என்றுதான் சொன்னார்.

பிரமாணப் பத்திரத்தில் ரசமட்டம் சொன்னது இதுதான்: முழங்கால் வலியால் டைல்ஸ் வேலையை விட்டாயிற்று, அண்ணன் கடையில் கூடமாட இருந்து மாதம் ஆறாயிரம் வாங்குகிறேன்.

வக்கீலம்மா ஒரு தாளை எடுத்துக் கணக்கை அந்தம்மாவுக்கு விளக்கினார். "குழந்தைக்கு மாசம் என்ன செலவுன்னு முதல்ல பார்ப்பாங்க. வாடகையில அவ பங்கு, சாப்பாடு, ஸ்கூல், பூட்ஸுக்கு எடுத்து வைக்கிறது எல்லாம் சேர்த்து பதினாறாயிரம்னு வெச்சுக்கலாம். அதை அம்மா அப்பா ரெண்டு பேரும் அவங்கவங்க வருமானத்துக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக்கணும். உங்களுக்குப் பன்னெண்டு, அவருக்கு ஆறுன்னா, அவர் பங்கு மூணுல ஒண்ணு. ஐயாயிரத்துச் சொச்சம். மீதி முழுக்க உங்க தலையில."

"அவர் சம்பாதிக்கிறது ஆறு இல்லம்மா."

"எனக்கும் தெரியும். ஆனா கோர்ட்டுக்குத் தெரியணுமே. கையில காசு வாங்குற ஆளு. பேங்க்ல ஒண்ணும் இருக்காது. அவர் வேலை செஞ்ச இடம், குடுத்தவங்க யாராவது, ஏதாவது ஒண்ணு வேணும்."

அந்தம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து வந்தவர் ஒரு பழைய நோட்டை மேஜை மேல் வைத்தார். அதில் நான்கு வீடுகளின் விலாசம் இருந்தது.

"இங்கெல்லாம் அவர்தான் போட்டிருக்கார், இந்த ஒரு வருஷத்துல" என்றார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். தரையைப் பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், நல்லவேளை. லீவு நாளில் புது வீடுகள் எழும்பும் தெருக்களாகப் பார்த்து நடந்திருக்கிறார். வாசல்படி தெரிந்தால் குனிந்து பார்ப்பது, வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் நல்லதாக இருந்தால் உள்ளே விடச் சொல்லிக் கேட்பது. திருடி என்று ஒரு வீட்டில் விரட்டியும் இருக்கிறார்கள்.

"படி விளிம்புல ரெண்டு கல்லு சேருதில்ல சார், அங்க எல்லாரும் சாய்ச்சு அறுத்து ஒட்டுவாங்க. கத்தி மாதிரி நிக்கும் அது. இவரு அதை சாணைக்கல்லு வெச்சுத் தேய்ச்சு, ஒரு நூல் அளவு மழுக்கி விடுவார். எங்க பொண்ணு தவழுறப்போ அப்படி ஒரு விளிம்புல உள்ளங்கையைக் கிழிச்சுக்கிட்டா. அன்னைக்குல இருந்து எந்த வீடா இருந்தாலும் தேய்க்காம விட மாட்டார். யாரும் கேக்குறதும் இல்ல, அதுக்குக் காசும் இல்ல."

பதினோரு வருடம் கணவனோடு கூடவே போய் வேலை செய்தவர் அந்தம்மா. அவன் கல் பதிப்பான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைச் சிமென்ட் கொண்டு அடைத்து, துடைத்து, பளபளவென்று ஆக்குவது இவர். தொழில்காரர்கள் அதை ஜாயின்ட் அடைப்பது என்பார்கள். இப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் இவர் தலை குனிந்து வரவில்லை. எங்கள் அறைத் தரையைப் பரிசோதித்துக்கொண்டு வந்திருக்கிறார். இருபத்து மூன்று வருட எடைபோடல் ஒரே நொடியில் கவிழ்ந்தது.

ஆனால் அந்த நான்கு வீடும் கை கொடுக்கவில்லை. கோர்ட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் நான்கு வீட்டுக்காரர்களும் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு எதுக்கு வம்பு என்றார்கள். வக்கீலம்மா அன்று இரண்டுமுறை தலையை இடித்துக்கொண்டார். அந்தம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னும் நடக்கிறேன்" என்றார்.

அடுத்த விசாரணை மூன்றாவது மாடியில். லிப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. நான் கோப்போடு முன்னால் ஏறினேன், வக்கீலம்மா பின்னால், அந்தம்மா அவருக்கும் பின்னால். இரண்டாவது மாடியைத் தாண்டிப் பாதி ஏறியிருப்போம். திரும்பிப் பார்த்தால் அந்தம்மாவைக் காணோம். கீழே ஒரு படியில் உட்கார்ந்துகொண்டு விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேலும் கீழுமாகப் போகிறவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

"என்னம்மா, மயக்கமா?" என்றேன்.

"சார், இந்தப் படி எப்போ போட்டது?"

"கோர்ட் லீவுல. மூணு மாசம் இருக்கும்."

பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் கல்லைத் தட்டினார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். பக்கத்துக் கல்லையும் தட்டினார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வெட்டு அவரோடது" என்றார். "ஜாயின்ட் வேற யாரோ."

டைல்ஸ் வேலையையே விட்டாயிற்று என்று இந்தக் கட்டடத்தில் சத்தியம் செய்த மனிதன், இந்தக் கட்டடத்துக்கே படி போட்டிருக்கிறான்! நான் தினமும் நாலுமுறை ஏறி இறங்குகிற படி. அவனுடைய வக்கீலும் இதில்தான் ஏறி வந்து அவனுக்காக வாதாடுகிறார். என்ன துணிச்சல் என்று முதலில் நினைத்தேன். துணிச்சல் இல்லை. தினக்கூலிக்காரன் பெயரை யார் எழுதி வைக்கப்போகிறார்கள் என்கிற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதி சரியாகவும் இருந்தது. வக்கீலம்மா அன்றைக்கு வாய்தா வாங்கிவிட்டு, கட்டட அலுவலகத்தில் பில் நகல் கேட்டு மனுப் போட்டார். பத்து நாளில் வந்தது. கான்ட்ராக்டர் பெயர் இருந்தது. இத்தனை சதுர அடி, இன்ன கூலி என்று இருந்தது. 'டைல்ஸ் ஆள் இரண்டு' என்று இருந்தது. அந்த இரண்டு பேர் யார் என்று மட்டும் இல்லை. கான்ட்ராக்டரைக் கேட்டதற்கு, கோர்ட்டு கூப்பிட்டால்தான் நோட்டைக் காட்டுவேன் என்றுவிட்டார்.

அந்தம்மா அந்த நகலை எங்கள் அறையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"சார், இது என்ன? ஜாயின்ட் அடைக்கிறதுக்குத் தனியா கூலி போட்டிருக்கு?"

"தனி வேலைதானே, தனிக் கூலி."

அவர் அந்த வரியின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. பதினோரு வருடம் தனிக் கூலி இல்லாமல் அவர் முட்டி போட்டு அடைத்த தரைகள் எத்தனை ஆயிரம் சதுர அடி இருக்கும் என்று எனக்கு மனசுக்குள் ஓடியது. அதைக் கேட்டுத் தொலைக்கவில்லை.

விசாரணை நாள். நீதிபதியும் ஒரு பெண்தான். ஐம்பது வயதுக்கு மேல், குரலை உயர்த்தவே மாட்டார். ரசமட்டம் வெள்ளைச் சட்டை போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். இடுப்பில் கோல் இல்லை. அது இல்லாமல் நிற்க அவனுக்கே கூச்சமாக இருந்ததுபோல் தெரிந்தது.

படிக்கட்டைப் பற்றி வக்கீலம்மா சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "படியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிறாங்களாம். இதெல்லாம் சாட்சியா அம்மா?"

ஜட்ஜம்மா நேராக அந்தம்மாவிடம் கேட்டார். "அவர் போட்டதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

விளிம்பைத் தேய்ப்பதைச் சொன்னார். குழந்தை உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டதைச் சொன்னார்.

"வேற யாரும் அப்படித் தேய்க்க மாட்டாங்களா?"

"தேய்க்கலாம் அம்மா. இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார் அந்தம்மா. எனக்கு உயிரே போய்விட்டது. இப்படியா விட்டுக்கொடுப்பது? அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார். "ஆனா அம்மா, ஜாயின்ட் ரொம்ப நாசம். கை வெச்சா மாவு மாதிரி வருது. இவ்வளவு கேவலமான வேலையை நான் பார்த்ததே இல்ல."

"அது வாஸ்தவம்" என்றார் ஜட்ஜம்மா. "நானும் தினம் ஏறுறேன். மூணு மாசத்துல உதிருது. மட்டமான வேலைதான்."

"அம்மா, ஜாயின்ட் நான் அடைக்கல!"

ரசமட்டத்தின் குரல். முழங்காலைப் பிடித்திருந்த கை காற்றில் இருந்தது. "அது கான்ட்ராக்டர் கூட்டிட்டு வந்த ஆளு. தண்ணியை அள்ளி ஊத்திட்டான். சொல்லச் சொல்லக் கேக்கல. கல்லு வெச்சதுதான் நான். ஒரு கல்லு, ஒரே ஒரு கல்லு ஆடுதான்னு நீங்களே தட்டிப் பாருங்க!"

அவனுடைய வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்து என்ன பயன்? தட்டச்சு செய்கிற பெண்ணின் விரல்கள் ஓடும் சத்தம் கேட்டது. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஏறிக்கொண்டிருந்தது. அவன் வக்கீல் பேனாவுக்கு மூடி போட்டார்.

வெளியே வந்ததும் அந்தம்மாவிடம் கேட்டேன். "தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னீங்களா?"

"ஜாயின்ட் நாசம்கிறது உண்மைதானே சார்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவருக்குப் பொய் சொல்ல வரும். அடுத்தவன் சொதப்பினதைத் தன் வேலைன்னு கேட்டுக்கிட்டு நிக்க மட்டும் வராது" என்றார். அவர் குரலில் வெற்றிக் களிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கான்ட்ராக்டரை அழைத்தார்கள். அவர் ஆள்வருகை நோட்டோடு வந்தார். அதில் ரசமட்டத்துக்கு மாதம் இருபத்து நான்கு நாள், நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஆக முப்பத்தாறாயிரம். ஜட்ஜம்மா கணக்கைத் திறந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். இருவர் வருமானமும் சேர்த்து நாற்பத்தெட்டு. அதில் அப்பாவின் பங்கு நான்கில் மூன்று. ஆகவே குழந்தையின் பதினாறாயிரத்தில் பன்னிரண்டாயிரம் அவன் தர வேண்டும்.

தீர்ப்பு வந்தால் காசு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் எங்கள் அறையில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரசமட்டம் இரண்டு மாதம் ஒரு பைசா அனுப்பவில்லை. குழந்தையின் சுண்டுவிரலில் தோல் உரிந்திருந்தது. நான் கொதித்துப்போய், "அவன் கல் அறுக்கிற மெஷினை ஜப்தி பண்ணச் சொல்லி மனுப் போடலாம்" என்றேன்.

"மெஷினை எடுத்தா அவர் எதை வெச்சு சம்பாதிப்பார்? என் பொண்ணுக்கு எதுல இருந்து வரும்?" என்றார் அந்தம்மா. "காசு அவர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிக்க வழி இருக்கா சார்?"

இருந்தது. மாதச் சம்பளக்காரனுக்கு அலுவலகத்தில் பிடிப்பதுபோல, கூலி தருகிற கான்ட்ராக்டரே குழந்தையின் பங்கை முதலில் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் ஆளிடம் தர வேண்டும் என்று உத்தரவு வாங்கலாம். பாக்கியையும் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாம். வக்கீலம்மா அந்த வாரமே போட்டார். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காசு வந்தது. எட்டாம் தேதி பூட்ஸ் கடையில் குழந்தையின் காலை வைத்து அளவு எடுத்தார்கள்.

உத்தரவு நகலை வாங்க வந்த கான்ட்ராக்டரை அன்று வராந்தாவில் அந்தம்மா நிறுத்தியிருக்கிறார். "அந்தப் படி உதிருது. நான் அடைச்சுத் தர்றேன். பில்லுல போட்டிருக்கிற கூலியைக் குடுங்க." கான்ட்ராக்டர் சிரித்தாராம். அப்புறம் ஜட்ஜம்மா அந்தப் படியில் ஏறுவது நினைவுக்கு வந்து, சரி என்றாராம்.

ஒரு லீவு நாளில் வேலை நடந்தது. கோப்பு எடுக்க வந்த நான் பார்த்தேன். பழைய சிமென்டை இடுக்கு இடுக்காகச் சுரண்டி எடுத்தார். புதிதாகக் குழைத்ததை ரப்பர் பட்டையால் அழுத்தினார். ஈரத் துணியால் ஒரே திசையில் துடைத்தார். அவர் கணவன் வைத்த கல்லுக்கு இடையில் அவர் கை போய் வருவதைப் பார்க்கும்போது, இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு அழகான தரைகளைப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. மேல்படியில் குழந்தை புதுப் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள். காயும்வரை கால் வைக்கக்கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

அந்த வேலையைப் பார்த்து இன்னும் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அப்புறம் லீவு நாளெல்லாம் வேலைதான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அந்தம்மா எங்கள் அறைக்கு வந்தார். கான்ட்ராக்டர் காசு கட்டவில்லையோ என்று நினைத்தேன்.

"அதெல்லாம் ஒழுங்கா வருது சார். எனக்கு மாசம் ஆறாயிரம் கூட வருது இப்போ. அதைக் கணக்குல சேர்க்கணும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "ஏம்மா, விவரம் தெரிஞ்சுதான் பேசுறீங்களா? உங்க வருமானம் பதினெட்டாச்சுன்னா அவன் பங்கு மூணுல ரெண்டா இறங்கிடும். மாசம் ஆயிரத்து முந்நூறு ரொக்கமா போயிடும். அவனுக்குத் தெரியாது. கோர்ட்டுக்கும் தெரியாது. உங்க வேலைக்கு எந்த நோட்டுலயும் பேர்கூட இல்ல. யார் கண்டுபிடிக்கப் போறா?"

"பூட்ஸுக்குக் குறையாதுல்ல சார்?"

"அது குறையாது. நீங்க போடப்போறது கூடும், அவ்வளவுதான்."

"அப்போ எழுதுங்க" என்றார். "அவர் மறைச்சாருன்னு தெருத் தெருவா குனிஞ்சு நடந்தேன். நான் மறைச்சா அவர் எந்தத் தெருவுல நடப்பார்?"

இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்த வக்கீலம்மா அப்படியே நின்றுவிட்டார். இந்த அறையில் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். குறைத்துச் சொன்ன அப்பாக்கள், மறைத்துச் சொன்ன அம்மாக்கள், இரண்டுக்கும் சொல்லிக் கொடுத்த வக்கீல்கள். நானும் இப்போது ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

படிவத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், 'மனுதாரரின் வருமானம் கூடியிருந்தால் விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்து மூன்று வருடமாக அதற்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுப் போட்டு என் கைக்குப் பழகியிருந்தது. அன்றைக்கும் கை தன்பாட்டுக்குக் கோடு போடப் போனது. நிறுத்தி, "என்ன வேலைன்னு எழுதட்டும்?" என்று கேட்டேன்.

அந்தம்மா தரையைப் பார்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"ஜாயின்ட் அடைக்கிறது" என்றார்.